வால்வைத் தொடாத மருந்தும் வாய் திறவாத வியாபாரமும்

களனி ஆற்றைக் கடந்து நீர்கொழும்பு வீதியில் வடக்கு நோக்கி வருகின்றவர்கள், வத்தளையையும் மாபோலையையும் தாண்டுவதற்குள் எத்தனை வாகன உதிரிப்பாகக் கடைகள், எத்தனை கராஜ்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியந்து போவார்கள். அவற்றின் கண்ணாடி அலுமாரிகளில் முன்வரிசையில் நிற்பவை சின்னஞ்சிறு போத்தல்கள். ஒன்றை வாங்கிப் பெற்றோல் தாங்கியில் ஊற்றினால் போதுமாம். என்ஜினுக்குள் படிந்த காபன் முழுவதும் கரைந்து, வாகனம் புதுப்பொலிவு பெற்றுவிடுமாம். பஞ்சிகாவத்தையிலும் இதே போத்தல்கள்தாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே வாக்குறுதிதான்.

இன்று நமது வீதிகளில் ஓடுகின்ற கார்களில் கணிசமான ஒரு பகுதியைப் பொறுத்தவரை இந்த வாக்குறுதி பொய்யானது. மருந்து தரமற்றது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. மருந்து நோயாளியை வந்தடைவதற்கு வழியே இல்லை என்பதற்காகச் சொல்கின்றேன்.

"அரசியல் எழுதுகின்ற உமக்கு என்ஜினில் என்ன வேலை?" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நமது நாட்டில் நடுத்தரக் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அடுத்தபடியாகப் படுகின்ற பெரிய கடன் காருக்கான கடன்தான். லீசிங் தவணை கட்டி முடிவதற்குள் என்ஜின் படுத்துவிட்டால் படுப்பது என்ஜின் மட்டுமல்ல. அந்தக் குடும்பத்தின் அறியாமையை முதலாக வைத்து ஒரு வியாபாரம் நடக்குமானால், அதைப் பற்றி எழுதுவது பத்திரிகைக்காரனின் வேலையே.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம்.

என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று நுழைவதற்கு வாசல் உண்டு. அந்த வாசலின் கதவுதான் உள்ளெடுப்பு வால்வு. நீண்ட காலமாக வழக்கிலிருந்த முறையில், இன்ஜெக்டர் இந்தக் கதவுக்கு வெளியே நின்று பெற்றோலைத் தெளித்தது. ஏறக்குறைய 3, 4 பார் அழுத்தத்தில் வருகின்ற அந்தப் பெற்றோல் வால்வின் முதுகில் பட்டு, காற்றோடு கலந்து உள்ளே செல்லும். பெற்றோல் ஒரு நல்ல கரைப்பான். எனவே ஒவ்வொரு தடவையும் வால்வு கழுவப்பட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கழுவ வேண்டும் என்று யாரும் தனியாகத் திட்டமிட்டிருக்கவில்லை. போகிற போக்கில் கிடைத்த நன்மை அது.

நேரடிச் செலுத்துகை என்ஜின்களில், அதாவது டிரெக்ட் இன்ஜெக்ஷன் என்று கராஜ்களில் சொல்லப்படுகின்றவற்றில், இன்ஜெக்டர் கதவைத் தாண்டிச் சிலிண்டருக்கு உள்ளேயே போய்விட்டது. இன்றைய என்ஜின்களில் 200 பார் அளவிலும் அதற்கு மேலும் அழுத்தம் கொடுத்துப் பெற்றோல் நேராக எரியறைக்குள் பீச்சப்படுகின்றது. எரிபொருள் மிச்சம், சக்தி அதிகம். ஆனால் வால்வின் முதுகுக்கு இனிமேல் குளிப்பு இல்லை.

குளிப்புத்தான் இல்லையே தவிர, அழுக்குக்குக் குறைவில்லை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி என்ஜினின் அடிப்பகுதிக்குக் கசிகின்ற வாயுவும், அங்கு சூடேறிய ஒயிலின் ஆவியும் முன்னொரு காலத்தில் வெளியே விடப்பட்டன. அது காற்றை மாசுபடுத்துகின்றது என்று கண்டு, அதை மீண்டும் என்ஜினே உறிஞ்சி எரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1961ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் கலிபோர்னியாவில் தொடங்கிப் பின்னர் உலகெங்கும் பரவியது. சரியான ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒயில் ஆவி எந்த வழியால் உள்ளே போகின்றது? அதே காற்று வாசல் வழியாகத்தான். சூடான வால்வின் முதுகில் அது படிந்து, காய்ந்து, கருகி, அடுக்கடுக்காகப் பொருக்காகின்றது. புகைக்குழாய் வாயுவின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்புகின்ற ஈ.ஜீ.ஆர். அமைப்பும் தன் பங்குக்குக் கரியைக் கொண்டு வந்து சேர்க்கின்றது. காலையில் என்ஜினை இயக்கும்போது நடுக்கம், ஏற்றத்தில் இழுவைக் குறைவு, பெற்றோல் செலவு கூடுதல், கணினிப் பரிசோதனையில் பி 0300 போன்ற எரிதல் தவறும் குறியீடுகள் என நோய் வெளியே தெரிய வருகின்றது.

இப்போது அந்தப் போத்தலுக்கு வருவோம். பெற்றோல் தாங்கியில் ஊற்றப்படுகின்ற எந்த மருந்தும் பெற்றோல் போகின்ற வழியில்தான் போகும். பெற்றோல் வால்வின் முதுகைத் தொடுவதில்லை என்றால் மருந்தும் தொடாது. இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. வாய்வழி விழுங்குகின்ற மாத்திரையால் சட்டையில் பட்ட கறையைப் போக்க முடியுமா?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் போத்தல்கள் அனைத்தும் வெறும் நிறத்தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. பொலியீதர் அமைன் என்ற இரசாயனம் போதிய அளவில் உள்ள மருந்துகள் இன்ஜெக்டரின் நுனியையும் எரியறையையும் உண்மையிலேயே சுத்தம் செய்யும். பழைய முறை என்ஜின்களில் வால்வையும் சுத்தம் செய்யும். எந்த என்ஜினுக்கு எது பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைச் சொல்லாமல், எல்லோருக்கும் எல்லாவற்றுக்குமான சர்வரோக நிவாரணியாக விற்பதைத்தான் நான் மோசடி என்கின்றேன்.

அயலவர் ஒருவரின் காரோடு சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கராஜுக்குச் சென்றிருந்தேன். ஹொண்டா வெசல் ஹைபிரிட், நேரடிச் செலுத்துகை என்ஜின். கணினியைப் பொருத்திப் பார்த்த இளைஞர், "காபன் பிடிச்சிருக்கு ஐயா, ஒரு போத்தல் ஊத்தினா எல்லாம் கிளீன் ஆகிடும்" என்றார். "தம்பி, இந்த வண்டியில பெற்றோல் வால்வுக்குப் பின்னால போறதே இல்லையே. ஊத்துற மருந்து எந்த வழியால அங்க போகும்?" என்று கேட்டேன். சற்று யோசித்தவர், "கொம்பனி குடுத்த கிளாஸ்ல அப்பிடித்தான் ஐயா சொன்னாங்க" என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அவரும் ஏமாற்றப்பட்டவரே. பழகுநர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கின்ற இடத்தில் விற்பனைப் பிரதிநிதி நின்றால், பாடம் விலைப்பட்டியலாகத்தான் இருக்கும்.

இந்த என்ஜின்கள் நமது வாசலுக்கு வந்த கதையையும் பார்க்க வேண்டும். நேரடிச் செலுத்துகை புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1954இல் அறிமுகமான மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரிலேயே அது இருந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டோடு சாதாரணக் குடும்பக் காருக்கு அதைக் கொண்டு வந்தது மிட்சுபிஷி. 1996இல் கலன்ட் காரில் ஜீ.டி.ஐ. என்ற பெயரில். அதே ஆண்டில் டொயோட்டாவும் டி-4 என்ற பெயரில் தொடங்கியது. ஜப்பானில் ஓடி முடித்த கார்களை 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் வாங்கிப் பழகிய நமக்கு இவை பின்னாலேயே வந்து சேர்ந்தன. பின்னர் நமது அரசாங்கங்களின் வரிக் கொள்கையும் தன் பங்கைச் செய்தது. என்ஜினின் கொள்ளளவைச் சீ.சீ. கணக்கில் அளந்து வரி விதிப்பது நமது வழக்கம். 1000 சீ.சீ.க்குள் அடங்கினால் வரி குறைவு. சிறிய என்ஜினில் பெரிய காரை இழுக்க வேண்டுமென்றால் டேர்போவும் நேரடிச் செலுத்துகையும் சேர்ந்த என்ஜினையே பெரும்பாலும் நாட வேண்டும். ஹொண்டா சிவிக்கின் 1.0 டேர்போ இங்கு விரும்பி வாங்கப்பட்டதற்குக் காரணம் இதுதான். அரசாங்கம் ஒரு கையால் இந்த என்ஜின்களை வாங்கத் தூண்டியது. மறு கையால் வரியை வாங்கிக்கொண்டது. அவற்றைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு தாள் அச்சிட்டுத் தந்ததா? இல்லை.

பெற்றோல் மீது பழி போடுவது இங்கு எளிது. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 2011இல் தரக்குறைவான பெற்றோல் இறக்குமதியாகி வாகனங்கள் பழுதடைந்து, நட்டஈடு வரை பேசப்பட்டது. 2017 நவம்பரில், தரமில்லை என்று ஒரு கப்பலின் பெற்றோல் நிராகரிக்கப்பட்டதை அடுத்து நாடே வரிசையில் நின்றது. 2022இல் நின்ற வரிசைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எனவே 'பெற்றோல் சரியில்லை' என்று யாராவது சொன்னால் நாம் உடனே நம்பிவிடுகின்றோம். இந்த நியாயமான சந்தேகத்தைத்தான் போத்தல் வியாபாரம் மூலதனமாக்குகின்றது. ஆனால் நேரடிச் செலுத்துகை என்ஜினில் வால்வின் முதுகில் படிகின்ற காபன் பிரதானமாக ஒயிலிலிருந்து வருவது. 92 ஒக்டேன் ஊற்றினாலும் 95 ஒக்டேன் ஊற்றினாலும் அந்தப் பெற்றோல் அங்கே போவதில்லை. அழுக்காக்குவதும் இல்லை, கழுவுவதும் இல்லை.

இன்னொரு நம்பிக்கையும் நம்மிடையே உலவுகின்றது. "கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வாருங்கள், காபன் எரிந்துவிடும்" என்பார்கள். நன்றாகச் சூடேறி ஓடுகின்ற என்ஜினின் ஒயிலில் கலந்த நீரும் பெற்றோலும் ஆவியாகும் என்பது உண்மை. பேலியகொடை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே காலம் கழிக்கின்ற காருக்கு அது நல்லதுதான். ஆனால் எரியறையில் தீ எரிகின்ற கணத்தில் உள்ளெடுப்பு வால்வு மூடியிருக்கின்றது. அதன் முகம் தீயைக் காணும், முதுகு காணாது. ஏற்கெனவே இறுகிப்போன பொருக்கு அதிவேகப் பாதையில் எரிந்து போகாது.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நினைக்க வேண்டாம். டொயோட்டா பிரியஸ், அக்குவா போன்றவற்றின் பல மாதிரிகளில் பழைய முறைச் செலுத்துகைதான் உண்டு; அவற்றின் வால்வுகள் கழுவப்படுகின்றன. ஆனால் 2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸிலும் அதன் பின் வந்த அக்குவாவிலும் உள்ள ஈ.ஜீ.ஆர். குளிரூட்டியும் அதன் குறுகிய வழிகளும் கரியால் அடைபடுவது கராஜ்காரர்கள் நன்கறிந்த விடயம். இதுவும் பெற்றோல் போகாத வழி. இங்கும் போத்தலுக்கு வேலை இல்லை. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

அப்படியானால் வால்வுக்கு உண்மையான வைத்தியம் என்ன? காற்று வழியான மனிபோல்டைக் கழற்றி, வால்வைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்வதுதான். இதற்கு உலகெங்கும் நன்கு அறியப்பட்ட முறை, வால்நட் ஓட்டை நொறுக்கிச் சிறு மணிகளாக்கி, அழுத்தக் காற்றோடு வீசி, அதே வேளையில் உறிஞ்சியால் வெளியே இழுப்பது. ஓடு காபனைப் பெயர்க்கும், உலோகத்தைக் காயப்படுத்தாது. ஆனால் சுத்தம் செய்யப்படுகின்ற சிலிண்டரின் வால்வுகள் முழுமையாக மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் மணிகள் சிலிண்டருக்குள் போய்விடும். கருவி இல்லாத இடத்தில் கரைப்பானில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து எடுப்பதும் உண்டு. நேரம் பிடிக்கும், பலன் கிடைக்கும். என்ஜின் ஓடும்போது காற்று வழியால் மருந்தைத் தெளிக்கின்ற முறை, மெல்லிய படிவை ஓரளவு இளக்கும். இறுகிய பொருக்கை முழுதாக அகற்றாது. பெயர்ந்து விழுகின்ற கட்டி டேர்போவையோ கற்றலிற்றிக் கன்வேட்டரையோ சேதப்படுத்துகின்ற அபாயமும் உண்டு.

வந்தபின் வைத்தியத்தை விட வருமுன் காப்பது மலிவு. தயாரிப்பாளர் சொன்ன தரத்தில், சொன்ன தூரத்துக்குள் ஒயிலை மாற்றுவது. 0W-20 கேட்கின்ற என்ஜினுக்கு 'இந்த நாட்டு வெக்கைக்கு இதுதான் சரி' என்று 20W-50 ஊற்றாமல் இருப்பது. ஒயில் ஆவியைக் கட்டுப்படுத்துகின்ற பி.சி.வி. வால்வைப் பரிசோதிப்பது. பெரிய வித்தை எதுவும் இதில் இல்லை. தயாரிப்பாளர்களுக்கும் இந்தக் குறை தெரியாமல் இல்லை. 2005இல் டொயோட்டா டி-4எஸ் என்ற பெயரில் ஒரே என்ஜினில் இரண்டு இடங்களிலும் இன்ஜெக்டர் வைத்தது. அதற்கு வேறு நோக்கங்களும் இருந்தன. ஆனால் வால்வுக்கு மீண்டும் குளிப்புக் கிடைத்தது. பின்னர் வேறு நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. நமது கையில் இருப்பவையோ பெரும்பாலும் அதற்கு முந்திய அல்லது மலிவான வகைகள்.

"எல்லா நேரடிச் செலுத்துகை என்ஜின்களும் அடைபடுவதில்லையே, நீர் வீணாகப் பீதியைக் கிளப்புகின்றீர்" என்று சிலர் சொல்லக்கூடும். சரியான வாதம். நன்கு வடிவமைக்கப்பட்டு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட பல என்ஜின்கள் நெடுந்தூரம் குறையின்றி ஓடுகின்றன. அதனால்தான் சொல்கின்றேன்: நோய் இருக்கின்றதா என்று பார்க்காமல், ஒவ்வொரு சேர்விஸிலும் 'காபன் கிளீனிங்' என்று பில்லில் ஒரு வரி சேர்ப்பதும் அதே மோசடிதான். நடுக்கத்துக்குக் காரணம் பிளக்காக இருக்கலாம், கொயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம். இல்லாத நோய்க்கு மருந்து விற்பதும், இருக்கின்ற நோய்க்கு எட்டாத மருந்தை விற்பதும் ஒரே கடையில்தான் நடக்கின்றன. 2008 முதல் நாம் ஆண்டுதோறும் செய்துகொள்கின்ற புகைப் பரிசோதனையில் தேறியதைக் காட்டி, "வால்வு சுத்தமாக இருக்கின்றது" என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். அது புகைக்குழாயின் முனையில் நின்று அளக்கின்ற சோதனை. வால்வை எட்டிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் வேர் எங்கே இருக்கின்றது? மொழியில் இருக்கின்றது என்பது என் முடிவு. ஜப்பானிலிருந்து வருகின்ற காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கின்றது. போத்தலின் சுற்றுத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கராஜின் பில்லும் ஆங்கிலத்தில். கார் தமிழரின் கடனில் ஓடுகின்றது. அதைப் பற்றிய அறிவு மட்டும் தமிழுக்குள் வரவில்லை. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அதன் பெயரால் நாம் பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழை கண்டால் கொதிக்கின்றோம். கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் மொழியுரிமை பெயர்ப்பலகையோடு முடிந்துவிடுகின்றதா? நான் பணம் கொடுத்து வாங்குகின்ற பொருள் எப்படி இயங்குகின்றது, எப்படிக் கெடுகின்றது என்பதை என் மொழியில் அறிவதற்கும் எனக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இல்லாத இடத்தில்தான் போத்தல் பேசுகின்றது.

சிங்களச் சகோதரர்களின் நிலை இதைவிடப் பெரிதும் மேலானது என்றும் நான் நினைக்கவில்லை. ஜப்பானியக் கையேடு அவர்களுக்கும் ஜப்பானியம்தான். எனவே இது ஓர் இனத்தின் கோரிக்கை மட்டுமல்ல. வாங்குகின்றவர்கள் அனைவரினதும் கோரிக்கை.

ஏமாற்றுகின்ற வணிக நடத்தையையும் பொய்யான வாக்குறுதிகளையும் தடை செய்கின்ற சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அரிசி விலையையும் சீனிப் பதுக்கலையும் தேடிச் செல்கின்ற அதிகாரிகள் இந்த அலுமாரிகளையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். நான் கேட்பவை நான்கே.

முதலாவது, விற்பனையாகின்ற ஒவ்வொரு காரோடும் மும்மொழியிலும் ஒரேயொரு தாள்: செலுத்துகை முறை என்ன, ஒயில் தரம் என்ன, எத்தனை கிலோமீற்றரில் மாற்ற வேண்டும், ஈ.ஜீ.ஆர். உண்டா இல்லையா.

இரண்டாவது, பெற்றோலில் ஊற்றுகின்ற மருந்துப் போத்தல்களில், 'நேரடிச் செலுத்துகை என்ஜின்களின் உள்ளெடுப்பு வால்வை இது சுத்தம் செய்யாது' என்ற வாசகம் மூன்று மொழிகளிலும் அச்சிடப்படல்.

மூன்றாவது, காபன் சுத்திகரிப்பு என்று பணம் வாங்குகின்ற எந்தக் கராஜும் முன்னும் பின்னும் எடுத்த படத்தை வாடிக்கையாளருக்குக் காட்டல். கைத்தொலைபேசியோடு இணைக்கின்ற சிறிய குழாய்க் கமெராக்கள் இன்று மலிவாகவே கிடைக்கின்றன.

நான்காவது, தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தப் புதிய என்ஜின்கள் பற்றிய பாடங்கள் தமிழ் மொழியிலும் நடத்தப்படல். பாடத்தை ஆசிரியர் நடத்தட்டும். விற்பனைப் பிரதிநிதி வேண்டாம்.

புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கின்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ஓட்டுகின்ற கார்களிலும் நேரடிச் செலுத்துகை என்ஜின்கள் ஏராளம். குளிர் நாட்டில், என்ஜின் சூடேறுவதற்குள் முடிந்துவிடுகின்ற குறுகிய பயணங்கள் இந்த நோய்க்கு உகந்தவை. ஆனால் உங்கள் கையேடு உங்களால் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கின்றது. அதைத் திறந்து பாருங்கள். ஊரிலிருந்து "காரைத் திருத்தக் காசு அனுப்பு" என்று தொலைபேசி வந்தால், அனுப்புவதற்கு முன் கழற்றிய வால்வின் படத்தைக் கேளுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் கழிந்த ஏறக்குறைய 5 ஆண்டுகளில், இருக்கின்ற கார்களைத்தான் நாம் வயதாக வயதாக ஓட்டிக்கொண்டிருந்தோம். புதிதாக வருபவையும் வரிச்சுமையோடு வருகின்றன. சாதாரணக் குடும்பம் ஒன்றுக்கு இன்று கையில் இருக்கின்ற காரே கடைசிக் கார் ஆகலாம். அதன் ஆயுளோடு விளையாடுகின்ற வியாபாரத்தைச் சில்லறை விடயம் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

அடுத்த முறை உங்கள் முன்னால் ஒரு போத்தல் நீட்டப்பட்டால், "இது எந்த வழியால் போகும்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பணப்பையைத் திறக்க வேண்டாம்.